கொழும்புப் புதுக்கடை நீதிமன்றங்களை விட்டு வருபவர்களுக்கு வழி இல்லையா?

கொழும்பின் பெரிய சட்ட நிறுவனங்களில் வழக்குப் பிரிவில் சில வருடங்கள் உழைத்துக் களைத்து வெளியேறும் இளம் சட்டத்தரணிகளுக்கு மூன்றே வழிகள்தாம் என்று கல்முனையில் நடந்த ஒரு தொழில் வழிகாட்டல் கூட்டத்தில் மூத்த சட்டத்தரணி ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். கம்பனியொன்றின் சட்டப் பிரிவு, வளைகுடா, இங்கிலாந்து. ஊருக்குத் திரும்பிக் காணி உறுதி எழுதுவது படித்த படிப்பைப் புதைப்பது என்றும் சொன்னார். மண்டபம் கைதட்டியது. சவளக்கடையிலிருந்தும் மத்திய முகாமிலிருந்தும் வந்திருந்த பிள்ளைகள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு தவறு என்பது மட்டுமல்ல, அது தீங்கானது.

முதலில் அவருடைய மூன்று வழிகளையும் பார்ப்போம். கம்பனிச் சட்டப் பிரிவுக்குப் போகும் வழக்குச் சட்டத்தரணி என்ன செய்கிறார்? ஒப்பந்தம் படிக்கிறார், பணிப்பாளர் சபைக்கு அறிக்கை எழுதுகிறார். வழக்கு வந்தால் அதை வெளியே ஒரு நிறுவனத்திடம் கொடுக்கிறார்; அது பெரும்பாலும் அவர் விட்டு வந்ததைப் போன்ற இன்னொரு நிறுவனமே. வளைகுடா நாடுகளில் நீதிமன்றத்தில் எழுந்து வாதாடும் உரிமை பெரும்பாலும் அந்நாட்டுக் குடிமக்களுக்கே உரியது. நம்மவர் பின்னால் இருந்து வரைவு தயாரிப்பார். இங்கிலாந்தில் 2021 முதல் எஸ்.கியூ.ஈ. என்ற தகுதிப் பரீட்சை இருக்கிறது. எழுதலாம், தேறலாம். ஆனால் அந்தச் செலவைத் தாங்கக்கூடிய குடும்பம் எத்தனை என்று பேச்சாளர் கேட்கவில்லை. மூன்றிலும் சம்பளம் உண்டு, அதை மறுக்கவில்லை. ஆனால் சாட்சிக் கூட்டில் நிற்பவரைக் குறுக்கு விசாரணை செய்யக் கற்ற ஒருவரிடமிருந்து அந்தத் திறமையையே பறித்துக்கொள்ளும் மூன்று வேலைகளை வைத்துக்கொண்டு, திறமை வீணாவதைப் பற்றிப் பேச அவருக்கு என்ன உரிமை?

உறுதி எழுதுவதை அவர் இழிவாகச் சொன்னதுதான் எனக்கு மிகக் கசந்தது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, தனியார் காணி கைமாறுவதற்கு நொத்தாரிசின் முன்னிலையும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். கல்முனைக் கரையில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துக் கலியாணம் செய்யும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த வீட்டு உறுதியில் ஒரு எல்லை பிழைத்தால் இரண்டு தலைமுறை நீதிமன்றப் படியேறும். பங்கு வழக்கு நடத்தியவருக்குத்தான் எந்த வரியில் பிழை விழும் என்று தெரியும். வழக்காடிய கை எழுதும் உறுதி வழக்கு வராமல் காக்கும்.

இனி அரச காணிக்கு வருவோம். சவளக்கடையைச் சுற்றியுள்ள வயல்களில் கணிசமானவை கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தின் வரலாற்றோடு சேர்ந்தவை. கையில் இருப்பது பேர்மிட், இல்லாவிட்டால் அளிப்புப் பத்திரம். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் பின்னுரித்தாளரைப் பெயரிடாமல் ஒருவர் இறந்துபோனால் ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கிடைத்துவந்தது. 2022இன் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. திருத்தத்துக்கு முன்பே இறந்துபோன தகப்பனுடைய வயலில் மகளுக்கு என்ன நிலை? இது வாதிட வேண்டிய கேள்வி. வாதிட ஆள் வேண்டும்.

வெளியேற்ற வழக்கு இன்னும் கொடியது. 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீட்பு) சட்டத்தின்படி நீதவான் முன்னிலையில் குடியிருப்பவர் காட்டக்கூடியது ஒன்றுதான்: செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் அல்லது எழுத்திலான அதிகாரம். நாற்பது வருடம் விதைத்தேன், வட்டை விதானைக்குத் தெரியும் என்று சொன்னால் அங்கே எடுபடாது. வெளியேறச் சொல்லும் அறிவித்தலையே எதிர்க்க வேண்டுமென்றால், அதிகாரியின் முடிவை நீதிமன்றம் பரிசீலிக்கக் கோரும் ரிட் மனு வேண்டும். 2013இல் சோலைமுத்து ராசு வழக்கில், அரச காணி மீட்பு விடயத்தில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு ரிட் அதிகாரமில்லை என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது. ஆகவே நாவிதன்வெளி விவசாயி கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்கு வந்தாலும் போதாது, கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மாரி வெள்ளத்தில் கிட்டங்கி மூழ்கினால் கல்முனைக்கே வர முடியாத மனிதர் அவர். கொழும்பில் ரிட் மனு வரைந்து பழகி, தமிழில் அவருடைய கதையைக் கேட்டு எழுதக்கூடிய ஒருவர் கல்முனையில் கந்தோர் போட்டிருந்தால் அந்தக் குடும்பத்தின் நிலை வேறாகும். இதையா பேச்சாளர் புதைகுழி என்கிறார்?

அடிப்படை உரிமை மனுவும் அப்படித்தான். அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை ஒரு மாதமே தவணை தருகிறது, அதுவும் உயர் நீதிமன்றத்தில் மட்டும். 1996ஆம் ஆண்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால் விசாரணை முடியும்வரை காலத்தை நிறுத்தி வைக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் மகனைக் கொண்டுபோன ஒரு தாய்க்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்ல ஆள் வேண்டும். மாதம் கழிந்த பிறகு கொழும்பில் ஆயிரம் சட்டத்தரணிகள் இருந்தும் பயனில்லை.

முஸ்லிம்களின் விவாக வழக்குகளை விசாரிக்கும் காதி நீதிமன்றத்தில் சட்டத்தரணிக்கு இடமில்லை, அதனால் முஸ்லிம் ஊர்களில் குடும்ப வழக்கு வேலை கிடையாது என்றும் பேச்சாளர் சொன்னார். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் காதி முன்னிலையில் சட்டத்தரணி தோன்றுவதைத் தடுக்கிறது என்பது சரி. ஆனால் காதி விதித்த தாபரிப்பைக் கட்டாத கணவனிடமிருந்து பணத்தை அறவிடுவது எங்கே? நீதவான் நீதிமன்றத்தில், தண்டப் பணம் போல. காதிகள் சபையைத் தாண்டி மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும் பெண்ணுக்கு அங்கே சட்டத்தரணி தேவை. சட்டத்தின் பாதியை மட்டும் படித்துவிட்டு மேடையேறுவது ஒரு மூத்தவருக்கு அழகில்லை. இந்தப் பாதைகள் தெரியாததால் தாபரிப்புப் பணம் கிடைக்காமல் பிள்ளை வளர்க்கும் பெண்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள்.

மொழியையும் பார்ப்போம். வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் பதிவு மொழி தமிழ். இங்கே எழுதப்பட்ட தமிழ்ச் சாட்சியம் மேன்முறையீட்டுக்குக் கொழும்புக்குப் போகும்போது ஆங்கிலத்துக்கோ சிங்களத்துக்கோ மாறுகிறது. இரு முனையையும் அறிந்தவர் அந்த வழியில் எதுவும் தொலையாமல் பார்ப்பார். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்தும் விதியை 2023 மார்ச்சில் நாடாளுமன்றம் தோற்கடித்தது எதற்காக என்று பேச்சாளர் யோசிக்கட்டும். தமிழில் படித்துத் தமிழில் வாதாடுவது இரண்டாந்தரமென்று அன்று பலர் ஏற்கவில்லை.

கட்டணம் குறைவு என்பதும், வழக்குகள் தவணைக்குத் தவணை இழுபடுவதும் உண்மை. கொழும்பில் வாங்கிய சம்பளம் முதல் இரண்டு மூன்று வருடத்தில் இங்கே கிடைக்காது. அதைப் பிள்ளைகளிடம் நேராகச் சொல்லியிருக்கலாம். சட்ட உதவி ஆணைக்குழு, சட்டமா அதிபர் திணைக்களம், நீதிச் சேவை, தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று வேறு வாசல்களும் உள்ளன; அவற்றைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை. அந்தப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் எழ உழைத்த எம்.எச்.எம். அஷ்ரப், கல்முனையில் வளர்ந்த ஒரு சட்டத்தரணி. அந்த மண்டபத்தில் அஷ்ரப்பின் பெயரைக்கூடப் பேச்சாளர் நினைக்கவில்லை.

திரும்பி வர நினைக்கும் பிள்ளை ஒருவர் இதைப் படித்தால், அவருக்கு என்னுடைய ஆலோசனை இதுதான். நொத்தாரிசு அனுமதி குறிப்பிட்ட நீதி வலயத்துக்கும் மொழிக்கும் உரியது. இப்போதே கல்முனைக்குத் தமிழில் விண்ணப்பியுங்கள். கொழும்பில் உங்கள் சீனியரோடு முகம் முறிக்காதீர்கள், மேன்முறையீட்டு வழக்குகளை அவரோடு சேர்ந்துதான் நடத்துவீர்கள். வெளியேற்ற அறிவித்தல் கிடைத்த விவசாயி யாரேனும் உங்கள் ஊரில் இருந்தால், அறிவித்தலின் திகதியை முதலில் கேளுங்கள்.