கட்டை விரல் எந்தப் பக்கம்?

சமையலறையில் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கிறது. தண்ணீர் பிடிக்க எடுக்கிறீர்கள். எடுக்கும்போது கட்டை விரல் மேலே இருக்குமா, கீழே இருக்குமா?

ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு வாருங்கள். பெரும்பாலானவர்கள் கையைத் திருகி, கட்டை விரல் கீழே இருக்கும்படிதான் எடுப்பார்கள். பார்க்கவே அசௌகரியமான பிடி. ஆனால் டம்ளரை நிமிர்த்தியதும் கட்டை விரல் மேலே வந்துவிடும். தண்ணீர் நிரம்பிய டம்ளரைப் பிடிக்க அதுதானே வசதி! ஆக, எடுப்பதற்கு முன்பே கை முடிவைப் பார்த்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் டேவிட் ரோசன்பாம் ஓர் உணவகத்தில் பரிமாறுபவர் கண்ணாடி டம்ளர்களை இப்படி நிமிர்த்துவதைக் கண்டுதான் யோசிக்க ஆரம்பித்தார். படுக்கவைத்த ஒரு கட்டையை எடுத்து, சொன்ன முனை கீழே வரும்படி நிறுத்தச் சொல்லிச் சோதித்தார். எந்த முனையைச் சொன்னாலும், கடைசியில் கட்டை விரல் மேலே வருகிற பிடியையே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். இதை அவரும் சகாக்களும் 1990-ல் வெளியிட்டார்கள். 2004-ல் இன்னொரு சோதனை. கழிவறை அடைப்பு எடுக்கும் ரப்பர் கட்டையை (வேறு பொருளே கிடைக்கவில்லை போல!) உயரமான தட்டில் வைக்கச் சொன்னால் அதன் கம்பைத் தாழ்வாகவும், தாழ்வான தட்டில் வைக்கச் சொன்னால் உயரமாகவும் பிடித்தார்கள்.

நமக்கு ஒரு நொடியில் முடிகிற இந்தக் கணக்கு, காஞ்சிபுரத்தை அடுத்த ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் பட்டுத்தறி மேல் நாள் முழுக்க ஓடுகிறது. அதிலும் கோர்வைப் புடவை என்றால் கேட்கவே வேண்டாம். உடல் ஒரு நிறம், இரு கரையும் வேறு நிறம்; ஆக மூன்று நாடா. இரண்டை நெய்பவர் பார்த்துக்கொள்ள, மூன்றாவதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் வீசுவார். உடல் இழையும் கரை இழையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோர்த்துத் திரும்ப வேண்டும். வருகிற நாடாவை ஏந்தும்போதே, அடுத்து எந்தப் பக்கம் வீசப்போகிறோம் என்பதற்கேற்ற பிடி விழ வேண்டும். ஏந்திவிட்டுப் பிடியை மாற்றிக்கொண்டிருந்தால் வேகம் போச்சு, இழையும் தளரும். இருவர் கையும் ஒரே தாளத்தில் போக வேண்டும் என்பது தனிக் கதை.

இந்த முன்யோசனை பிறக்கும்போதே முழுசாக வந்துவிடுவதில்லை. சிறு பிள்ளைகள் டம்ளரை ஒரு நாள் சரியாக எடுப்பார்கள், மறுநாள் இல்லை. பத்து வயதை ஒட்டித்தான் பெரியவர்கள் அளவுக்கு நிலைப்படுகிறது என்கின்றன ஆய்வுகள்.

அந்தப் பக்கத்து இருக்கையில் ஒரு காலத்தில் உட்கார்ந்தவர்கள் சிறுவர்கள்தான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் காஞ்சிபுரம் தறிகளில் உழைத்த பிள்ளைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003-ல் அறிக்கையே வெளியிட்டது. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டியவர்கள். அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் காலியான இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் கூலி இரண்டாகிறது. அதனால் துணை ஆள் தேவைப்படாத புடவைக்கே பல தறிகள் மாறிவிட்டன.

பீரோவில் பழைய காஞ்சிப் பட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள். உடலும் கரையும் சேரும் இடத்தில் பொடிப் பொடியாகப் பல் வைத்த மாதிரி ஒரு தடம் ஓடுகிறதா? அதில் இருப்பது இரண்டு பேருடைய கை.