நாலில் ஒன்று என்றால் என்ன?

"முதல் குழந்தைக்கு தாலசீமியா. நாலில் ஒண்ணுக்குத்தான் வரும்னாங்களே டாக்டர், இனி மூணு பிள்ளைக்குப் பயமில்லையே?" என்று என்னிடம் கேட்கும் தாய்மார்கள் உண்டு.

அப்படியில்லை, சகோதரி! எடுத்த சீட்டை மறுபடி போட்டுக் குலுக்குகிற மாதிரிதான். தாய், தந்தை இருவரிடமும் அந்தக் குறை மறைந்திருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் அதே நாலில் ஒன்று.

சுமப்பவர் ஆரோக்கியமாகவே இருப்பார். ஹீமோகுளோபின் ஏ2 ரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கல்யாணமானால் இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல்.

அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே தம்பதியாக மரபணு ஆலோசனைக்குப் போங்கள். கர்ப்பமான பிறகும், 11-வது வாரத்தில் நஞ்சுத் திசுவைச் சோதிக்கலாம். ஆலோசகர் கணக்கைச் சொல்வார்; முடிவு உங்களுடையது.

மாமியார் குறை சொன்னால், "பாதி உங்க பிள்ளை கொடுத்தது, அத்தை" என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.