அலுவலக மென்பொருள்: வெளியேறும் வழி இருக்கிறதா?

குஜராத்தின் வாடினாரில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்திவரும் நயாரா எனர்ஜி நிறுவனத்தின் ஊழியர்கள், 2025 ஜூலை இறுதியில் தங்கள் அலுவலக மின்னஞ்சலையும் டீம்ஸ் உரையாடல்களையும் திறக்க முடியாத நிலைக்கு ஆளாயினர். ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் நிறுவனம் ஏறத்தாழ 49% பங்குகளை வைத்திருக்கும் நயாராமீது, அதற்குச் சில நாட்கள் முன்புதான் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்திருந்தது. அதையடுத்து மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. தடை விதித்தது இந்தியா அல்ல. உரிமங்களுக்கான கட்டணம் முழுமையாகச் செலுத்தப்பட்டிருந்ததாக நயாரா கூறியது. டெல்லி உயர் நீதிமன்றத்தை அந்நிறுவனம் அணுகிய சில நாட்களில் சேவை மீண்டும் கிடைத்தது.

பிரச்சினை விரைவாகத் தீர்ந்துவிட்டது என்பதால் அதை நாம் மறந்துவிடக் கூடாது. பணம் கொடுத்து வாங்கியதாக நாம் நினைக்கும் அலுவலக மென்பொருளை உண்மையில் நாம் வாங்குவதே இல்லை. அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே மாதந்தோறும் பெறுகிறோம். அந்த அனுமதியின் விலை என்ன, அதை யார் தீர்மானிக்கிறார்கள், அது வேண்டாம் என்று முடிவெடுத்தால் எவ்வாறு வெளியேறுவது என்னும் மூன்று கேள்விகளில், முதல் கேள்வியை மட்டுமே நமது நிறுவனங்கள் கேட்கின்றன. மூன்றாவது கேள்விக்கான விடையில்தான் உண்மையான விலை ஒளிந்திருக்கிறது.

விலைப்பட்டியலில் இல்லாத விலை

மின்னஞ்சல், குழு உரையாடல், காணொலிக் கூட்டம், கோப்புப் பகிர்வு ஆகியவற்றை ஒன்றிணைத்துத் தரும் மென்பொருள்கள் பெரும்பாலும் ‘ஒரு பயனருக்கு மாதம் இவ்வளவு’ என்ற கணக்கில் விற்கப்படுகின்றன. கேட்கும்போது தொகை சிறியதாகவே தோன்றும். 40 பேர் பணிபுரியும் ஒரு நிறுவனம், ஒருவருக்கு மாதம் 600 ரூபாய் வீதம் செலுத்துவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 2,88,000 ரூபாய். 18% சரக்கு - சேவை வரியையும் சேர்த்தால் 3,39,840 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ 17 லட்சம் ரூபாய். வணிக நிறுவனங்கள் இந்த வரியை உள்ளீட்டு வரி வரவாகத் திரும்பப் பெறலாம். வரி விலக்குப் பெற்ற சேவைகளை அளிக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அவற்றுக்கு வரியும் செலவுதான்.

இந்தக் கணக்கும்கூட விலை மாறாது என்ற அனுமானத்தில் போடப்பட்டதே. உண்மையில் விலை மாறிக்கொண்டே இருக்கிறது. 2022 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் தன் அலுவலகத் தொகுப்புகளின் விலையை உயர்த்தியபோது, ‘ஆபிஸ் 365 இ3’ என்னும் தொகுப்பு பயனருக்கு மாதம் 20 டாலரிலிருந்து 23 டாலராக ஆனது. 2025 ஜனவரியில் கூகுள், ஜெமினி செயற்கை நுண்ணறிவு வசதிகளைத் தன் வணிகத் தொகுப்புகளுக்குள்ளேயே சேர்த்து, விலையையும் கூட்டியது. 12 டாலராக இருந்த ‘பிசினஸ் ஸ்டாண்டர்டு’ தொகுப்பு 14 டாலரானது. அந்த வசதி வேண்டாம் என்று சொல்பவருக்கும் அதே விலைதான். மின்விசிறி மட்டும் போதும் என்று சொல்லும் குடித்தனக்காரரின் அறையில் குளிரூட்டியைப் பொருத்திவிட்டு வாடகையை ஏற்றுவதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

தட்டச்சு மென்பொருளின் விலை உயர்ந்தால் வேறொன்றுக்கு மாறிக்கொள்ளலாம். கோப்புகள் நம் கணினியிலேயே இருக்கும். கூட்டுப்பணி மென்பொருளின் நிலை அதுவல்ல. ஒரு முடிவு ஏன் எடுக்கப்பட்டது, யார் ஒப்புதல் அளித்தார், வாடிக்கையாளருக்கு என்ன உறுதி தரப்பட்டது என்பன எல்லாம் இன்று அந்த உரையாடல்களில்தான் பதிவாகின்றன. முன்பு கோப்புக் கட்டுகளில் இருந்த நிறுவனத்தின் நினைவு, இப்போது வேறொருவரின் சர்வரில் இருக்கிறது. வாடகைக்கு எடுத்தது மென்பொருளை. அதனுள் சேர்ந்திருப்பதோ நமது சொத்து.

இலவசம் என்னும் நுழைவாயில்

இந்தச் சந்தையில் வாடிக்கையாளரை உள்ளே அழைத்துவரும் வழி, பெரும்பாலும் இலவசம்தான். ஸ்லாக் நிறுவனத்தின் இலவசத் திட்டத்தில் முன்பு 10,000 செய்திகள் வரை பார்க்க முடிந்தது. 2022 செப்டம்பரில் அந்த விதி மாறியது. கடைசி 90 நாட்களின் செய்திகளை மட்டுமே பார்க்கலாம் என்றானது. 2024இல், இலவசத் திட்டத்தில் ஓராண்டைக் கடந்த செய்திகளும் கோப்புகளும் அழிக்கப்படும் என்ற விதியும் வந்தது. அதிகம் உரையாடாத ஒரு சிறிய தன்னார்வக் குழுவுக்குப் பல ஆண்டுகளின் பதிவுகளாக இருந்தவை, பணம் கட்டினால்தான் நிலைக்கும் என்றாயின.

கல்வித் துறையிலும் இதே கதைதான். பல்கலைக்கழகங்களுக்கு வரம்பற்ற சேமிப்பிடத்தை இலவசமாக வழங்கிவந்த கூகுள், 2021இல் அந்தக் கொள்கையைக் கைவிடுவதாக அறிவித்தது. ஏற்கெனவே பயன்படுத்திவந்த நிறுவனங்களுக்கு 2022 ஜூலை முதல் மொத்தம் 100 டெராபைட் என்ற வரம்பு வந்தது. ஆய்வுத் தரவுகளைப் பல்லாண்டுகளாக அங்கே சேர்த்துவைத்திருந்த பல்கலைக்கழகங்கள், பயனர்களுக்கு அளவு வரம்பு விதிக்கவும் பழைய கணக்குகளை மூடவும் நேர்ந்தது. இலவசமாகக் கொடுத்ததைத் திரும்பப் பெற நிறுவனங்களுக்கு உரிமை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால், திரும்பப் பெறப்படும் நாளில் வாடிக்கையாளர் எங்கே நிற்பார் என்பதை முதல் நாளிலேயே யாரும் கேட்காமல்விட்டதுதான் பிழை.

ஒருமுறை விலை கொடுத்து, நமது சர்வரிலேயே நிறுவி, காலவரையின்றிப் பயன்படுத்தும் உரிம முறையும் அருகிவருகிறது. ஜிரா, கான்ஃப்ளூயன்ஸ் ஆகியவற்றைத் தயாரிக்கும் அட்லாசியன் நிறுவனம், தன் ‘சர்வர்’ வகை உரிமங்களின் விற்பனையை 2021 பிப்ரவரியில் நிறுத்தியது. அவற்றுக்கான ஆதரவையும் 2024 பிப்ரவரி 15உடன் முடித்துக்கொண்டது. உரிமம் காலாவதியாகவில்லை, பாதுகாப்புத் திருத்தங்கள்தான் நின்றன. இணையத் தாக்குதல்கள் பெருகிய காலத்தில் இரண்டுக்கும் நடைமுறையில் ஒரே பொருள்தான்.

ஐரோப்பா தந்த பாடம்

தொகுத்து விற்பது போட்டியை எப்படிப் பாதிக்கிறது என்பதை விரிவாக ஆராய்ந்தது ஐரோப்பிய ஆணையம். 2017இல் அறிமுகமான டீம்ஸ் செயலியைத் தன் அலுவலகத் தொகுப்புடன் மைக்ரோசாஃப்ட் சேர்த்தே வழங்கியது. தொகுப்பை வாங்கியவருக்கு டீம்ஸுக்கெனத் தனிச் செலவு இல்லை. தனியாக விற்கப்படும் ஸ்லாக்குக்கோ தனிக் கட்டணம். 2020 ஜூலையில் ஸ்லாக் புகார் அளித்தது. புகார் விசாரணைக்கு எடுத்துக்கொள்ளப்படும் முன்பே, 2021இல் சேல்ஸ்ஃபோர்ஸ் நிறுவனம் 2,770 கோடி டாலருக்கு ஸ்லாக்கை வாங்கிவிட்டது. முறையான விசாரணை தொடங்கியது 2023 ஜூலையில்தான்.

அதன் பிறகு காட்சிகள் மாறின. 2023 அக்டோபரில் ஐரோப்பாவில் டீம்ஸ் இல்லாத தொகுப்புகளை மைக்ரோசாஃப்ட் விற்கத் தொடங்கியது. விலை வேறுபாடு மாதத்துக்கு 2 யூரோ. 2024 ஏப்ரலில் இந்தப் பிரிப்பு உலகம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. அது போதாது என்று 2024 ஜூனில் ஆணையம் தன் குற்றச்சாட்டு அறிக்கையில் கூறியது. இறுதியில் 2025 செப்டம்பர் 12 அன்று, அபராதம் ஏதுமின்றி, மைக்ரோசாஃப்ட் அளித்த உறுதிமொழிகளை ஆணையம் ஏற்றுச் சட்டப்படி கட்டாயமாக்கியது. டீம்ஸ் உள்ள தொகுப்புக்கும் இல்லாத தொகுப்புக்கும் இடையிலான விலை வேறுபாட்டைச் சில வகைகளில் 50% கூட்டுவது அவற்றுள் ஒன்று. போட்டியாளர்களின் செயலிகள் மைக்ரோசாஃப்ட் சேவைகளோடு இணைந்து இயங்க வழிசெய்வது, டீம்ஸில் உள்ள தரவுகளை வெளியே எடுத்துச் செல்ல அனுமதிப்பது ஆகியவை மற்றவை. பொதுவாக ஏழு ஆண்டுகளும், இணைந்தியங்குதல், தரவு மாற்றம் ஆகியவை தொடர்பானவை பத்து ஆண்டுகளும் நடைமுறையில் இருக்கும்.

விலைக்கு ஏழு ஆண்டுகள், வெளியேறும் வழிக்குப் பத்து ஆண்டுகள் என்ற இந்த வேறுபாடு கவனிக்கத்தக்கது. எது முக்கியம் என்பதை ஒழுங்காற்று அமைப்பு அறிந்திருக்கிறது. தற்செயலாக, ஐரோப்பாவின் தரவுச் சட்டமும் அதே நாளில்தான் நடைமுறைக்கு வந்தது. ஒரு மேகக் கணினிச் சேவையிலிருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பும் வாடிக்கையாளருக்கு உதவுவதை அது கட்டாயமாக்குகிறது. 2027 ஜனவரி 12 முதல் மாறுவதற்குக் கட்டணம் வாங்குவதையே தடைசெய்கிறது. எனினும், புகாரிலிருந்து தீர்வுக்கு ஐந்து ஆண்டுகள் ஆயின என்பதையும் மறக்கலாகாது. அதற்குள் சந்தை தீர்மானமாகிவிட்டிருந்தது.

உள்நாட்டு மென்பொருள் போதுமா?

நயாரா நிகழ்வுக்குப் பிறகு இந்தியாவில் உள்நாட்டு மென்பொருள்களின் பக்கம் பார்வை திரும்பியது இயல்பானதே. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி வரை விரிந்திருக்கும் ஜோஹோ நிறுவனம் இதில் முன்னணியில் நிற்கிறது. தேசிய தகவலியல் மையத்தின்வழி 12 லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு மின்னஞ்சல் கணக்குகள் ஜோஹோ உருவாக்கிய தளத்துக்கு மாறியுள்ளன. தமிழ்நாட்டிலிருந்து எழுந்த ஒரு நிறுவனம் இந்த இடத்தை எட்டியிருப்பது பெருமைக்குரியது. அந்நிய நாட்டின் தடை உத்தரவால் சேவை துண்டிக்கப்படும் அபாயமும் இதனால் பெருமளவு குறைகிறது.

ஆனால், வீட்டு உரிமையாளர் நம் ஊர்க்காரர் என்பதால் வாடகை வீடு சொந்த வீடாகிவிடாது. ஜோஹோவின் அலுவலக மென்பொருள்களும் சந்தா முறையில் விற்கப்படுபவை. அவற்றின் மூலநிரலும் நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. நாளை விலை உயர்ந்தாலோ, நிறுவனம் கைமாறினாலோ நமக்கு எழும் கேள்வி அதேதான். ஆகவே, எந்த நாட்டு மென்பொருள் என்பதோடு, எந்த நிபந்தனையில் வாங்குகிறோம் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

திறந்த மூல மென்பொருள் இன்னொரு வழி. ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு, லிப்ரே ஆபிஸுக்கு மாறும் முடிவை 2024இல் எடுத்தது. 40,000க்கும் மேற்பட்ட மின்னஞ்சல் பெட்டிகளைத் திறந்த மூலத் தளத்துக்கு மாற்றும் பணியை 2025 அக்டோபரில் முடித்தது. மாற்றம் எளிதாக நடக்கவில்லை. ஊழியர்களிடமிருந்தும் நீதித் துறையிலிருந்தும் கடுமையான குறைகள் எழுந்தன. அதே ஜெர்மனியில் மியூனிக் நகராட்சி, லினக்ஸுக்கு மாறிப் பல ஆண்டுகளுக்குப் பின் 2017இல் விண்டோஸுக்குத் திரும்ப முடிவெடுத்தது. உரிமக் கட்டணம் இல்லை என்பதால் செலவே இல்லை என்று பொருளாகாது; அந்தப் பணம் தொழில்நுட்ப வல்லுநர்களுக்கும் பயிற்சிக்கும் செல்லும்.

வாடகை முறைக்கு ஆதரவான வாதத்தையும் நேர்மையாக ஏற்க வேண்டும். சொந்த சர்வரைப் பராமரிப்பது சிறிய நிறுவனங்களுக்கு எளிதன்று. 2021இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்சேஞ்ச் மென்பொருளின் குறைபாடுகளைப் பயன்படுத்தி ஊடுருவியவர்கள் குறிவைத்தவை, நிறுவனங்கள் தாங்களே நடத்திவந்த சர்வர்களைத்தான். மேகக் கணினிச் சேவையில் இருந்தோர் அதில் பாதிக்கப்படவில்லை. எனவே, வாடகைக்கு எடுப்பது தவறல்ல. ஒப்பந்தத்தைப் படிக்காமல் எடுப்பதுதான் தவறு.

செய்ய வேண்டியது என்ன?

முதலாவதாக, அரசுத் துறைகளும் பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது, முதல் ஆண்டு விலையை வைத்து ஒப்பிடுவதைக் கைவிட வேண்டும். ஐந்து ஆண்டுக்கான மொத்தச் செலவோடு, வெளியேறும் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டும், அதைத் தவிர்த்தால் காரணம் கூற வேண்டும் என்று மத்திய அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கை சொல்கிறது. அந்தக் காரணங்கள் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும்.

இரண்டாவதாக, எல்லாத் தரவையும் எல்லோரும் படிக்கக்கூடிய வடிவில் எடுத்துச் செல்லும் உரிமை ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். ஸ்லாக்கின் குறைந்த விலைத் திட்டங்களில் பொதுக் குழுக்களின் உரையாடல்களை மட்டுமே எளிதாக வெளியே எடுக்க முடியும். தனிக் குழுக்களின் உரையாடல்களுக்கு உயர் திட்டம் தேவை. வெளியேறவும் விலை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சேவையை நிறுத்துமுன் குறைந்தபட்ச அவகாசம், அந்த அவகாசத்தில் தரவை எடுக்கும் வசதி, பிணக்கு எழுந்தால் இந்திய நீதிமன்றம் ஆகிய நிபந்தனைகளும் அவசியம். பெரிய நிறுவனங்களிடம் ஒரு சிறிய நிறுவனம் இவற்றைப் பேரம் பேசிப் பெற முடியாது. ஆயிரக்கணக்கான உரிமங்களை வாங்கும் அரசால் முடியும்.

மூன்றாவதாக, சட்டம். 2023ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், 2019 மசோதாவில் இருந்த தரவு எடுத்துச் செல்லும் உரிமை இடம்பெறவில்லை. சேவைகளைப் பிணைத்து விற்பதைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் கொண்ட எண்மப் போட்டி மசோதாவின் வரைவு 2024 மார்ச்சில் வெளியானது, அது சட்டமாகவில்லை. ஐரோப்பிய நிறுவனத்துக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு, அதே மென்பொருளுக்குப் பணம் கட்டும் கோயம்புத்தூர் நிறுவனத்துக்கு ஏன் இருக்கக் கூடாது?

சட்டம் வரும்வரை காத்திருக்காமல் எந்த நிறுவனமும் செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை, தன் மின்னஞ்சல்கள், உரையாடல்கள், கோப்புகள் அனைத்தையும் வெளியே எடுத்து, வேறொரு கணினியில் திறந்து பார்க்கட்டும். தீயணைப்புப் பயிற்சி நடத்துவதற்குத் தீப்பிடிக்கும்வரை யாரும் காத்திருப்பதில்லை. கதவு திறக்கிறதா என்பதைத் தெரிந்துகொள்ளும் நாள், வெளியேற வேண்டிய நாளாக இருக்கக் கூடாது.