பில் நம்பர் ஒண்ணு... ரெண்டு தடவை!

படிச்சுக்கிட்டே சம்பாதிக்கிற கூட்டம் இப்ப எல்லா கிளாஸ்லயும் இருக்கு. லோகோ, வெப்சைட், வீடியோ எடிட்டிங், ஆட்டோகேட் டிராயிங்னு கலக்குறாங்க. வேலை தெரியும், பார்ட்டி பிடிக்கத் தெரியும். பில் போடத் தெரியுமா? எனக்குத் தெரியாது. அதனால மூணு மாசம் அலைஞ்சேன்!

திருவொற்றியூர்ல ஒரு லேத் பட்டறைக்கு மெஷின் பார்ட்ஸ் டிராயிங் போட்டுக் கொடுத்தேன். முதல் வேலைக்கு 4,000 ரூபாய். அடுத்த மாசம் இன்னொரு வேலை, அதுக்கும் 4,000. முதல் பில்லை வேர்டுல அடிச்சு, பிரின்ட் எடுத்துக் கையில கொடுத்தேன். ரெண்டாவதுக்கு அதே ஃபைலைத் திறந்து, தேதியை மட்டும் மாத்தி ஸேவ் பண்ணி அனுப்பிட்டேன். வந்தது ஒரு 4,000 மட்டும்தான். செமஸ்டர் ஃபீஸ் கட்டவேண்டிய நேரம் வேற!

ராயபுரத்துல பஸ் ஏறி நேர்லயே போனேன். அங்க கணக்கு எழுதுற அண்ணன் நிதானமா சொன்னார்: "தம்பி, ஒண்ணாம் நம்பர் பில்லுக்கு அப்பவே காசு போட்டாச்சே!"

பார்த்தா, ரெண்டு பில்லிலும் நம்பர் 1. அவர் மேல தப்பே இல்லை. 'என்கிட்ட முதல் பில் காப்பி இருக்கு'ன்னு காட்டலாம்னா, அந்த ஃபைல் மேலயேதான் ரெண்டாவதை ஸேவ் பண்ணித் தொலைச்சிருக்கேனே! கடைசியில டிராயிங் அனுப்பின தேதிகளை எல்லாம் தேடி எடுத்துக் காட்டி, காசு கைக்கு வர மூணு மாசம் ஆச்சு.

இதுல ஒரு சின்ன ஆறுதல். கனடாவுல டொரன்டோ பக்கம், மைக் மெக்டெர்மென்ட்னு ஒருத்தர் சின்னதா டிசைன் கம்பெனி நடத்திக்கிட்டிருந்தார். 2003-ல அவரும் இதே மாதிரி பழைய பில் மேல புது பில்லை ஸேவ் பண்ணிட்டார். கடுப்பாகி அவரே ஒரு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதினார். அதுதான் பின்னால ஃப்ரெஷ்புக்ஸ் ஆச்சு. அவர் கம்பெனி ஆரம்பிச்சார். நான் புலம்பிக்கிட்டு பஸ்ல வந்தேன்!

நாம சாஃப்ட்வேர் எழுதவேண்டாம், சரியா தேர்ந்தெடுத்தா போதும். அதுக்கு மூணு கேள்வி.

நம்பரை அதுவே போடுமா?

1, 2, 3-னு வரிசையா, ஒரு நம்பர் திரும்ப வராம போடணும். ஜி.எஸ்.டி. பதிவு பண்ணினவங்களுக்கு இது சட்டமே. நிதியாண்டுக்குள்ள நம்பர் திரும்ப வரக்கூடாது, 16 எழுத்தைத் தாண்டவும் கூடாது. நமக்குச் சட்டம் இல்லைன்னாலும் காசு வரணுமே!

வரி விஷயத்துல நம்மளை மாட்டிவிடுமா?

தமிழ்நாட்டுல சர்வீஸ் செய்றவங்களுக்குப் பொதுவா வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினாதான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். பதிவு இல்லாம பில்லில் ஜி.எஸ்.டி. போட்டு வசூலிக்கக்கூடாது. 'ப்ரொஃபஷனலா இருக்கும்'னு 18 சதவீதம் சேர்த்துடாதீங்க பாஸ்! அந்த வரியை எடுத்துவிடுற வசதி சாஃப்ட்வேர்ல இருக்கணும். பெரிய கம்பெனி பார்ட்டின்னா டி.டி.எஸ். பிடிச்சுக்கிட்டு மீதியைத்தான் தருவாங்க. அது தொலைஞ்ச காசு இல்லை. உங்க பான் கணக்குல ஏறும், ரிட்டர்ன் போட்டு, கட்டவேண்டிய வரி போக மீதியைத் திரும்ப வாங்கலாம். பில் தொகை, பிடிச்சது, வந்தது மூணையும் தனித்தனியா குறிச்சு வைக்க இடம் இருக்கான்னு பாருங்க.

நம்ம கணக்கை வெளியே எடுக்க முடியுமா?

இதைத்தான் யாரும் கேக்கறதில்லை. குவிக்புக்ஸ் உலகம் பூரா பிரபலமான சாஃப்ட்வேர். 2023-ல இந்தியாவுல கடையைச் சாத்திட்டாங்க. வச்சிருந்தவங்க எல்லாம் கணக்கைத் தூக்கிக்கிட்டு வேற இடம் தேடவேண்டியதாச்சு. அதனால முதல் நாளே ஒரு டெஸ்ட் பில் போட்டு, எக்ஸெல் ஃபைலா இறக்கிப் பாருங்க. வரலைன்னா டாட்டா சொல்லிடுங்க.

சரி, எதை எடுக்கறது?

1986-ல பெங்களூர்ல பிறந்தது டாலி. ஷ்யாம் சுந்தர் கோயங்கா தன் வியாபாரக் கணக்குக்குச் சரியான சாஃப்ட்வேர் கிடைக்காம, மகன் பரத்தையே எழுதச் சொன்னாராம். சரக்கு, ஸ்டாக், ஆள் சம்பளம்னு இருக்கிற இடத்துக்கு அது சூப்பர். மாசம் ரெண்டு பில் போடுற நமக்கு அது கொஞ்சம் ஓவர். ஆனா கத்துக்கிட்டா வேலைக்கு உதவும்.

நம்ம சென்னைக் கம்பெனி ஜோஹோவோட 'ஜோஹோ இன்வாய்ஸ்' 2008-ல வந்தது, 2021-ல இலவசமாக்கிட்டாங்க. பில் போட, ஞாபகப்படுத்த அது தாராளம். நெட் இல்லாமலும் ஓடணும், கணக்கு நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கணும்னா க்னூகேஷ் இருக்கு. ஓபன் சோர்ஸ், காசு வேண்டாம். ஆனா பற்று, வரவு புரிய ரெண்டு மூணு நாள் உட்காரணும்.

மாசம் ஒரே ஒரு பில்லா? ஒரு எக்ஸெல் ஷீட்டே போதும். நம்பர், தேதி, பார்ட்டி, தொகை, கெடு தேதி, காசு வந்த தேதின்னு ஆறு கட்டம். பில்லை பி.டி.எஃப். ஆக்கி, நம்பரையே ஃபைல் பெயரா வையுங்க. ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது!

கெடு தேதியை மட்டும் விட்டுடாதீங்க. இலவசமா உத்யம் பதிவு பண்ணி வச்சா, குறு, சிறு தொழில் செய்றவங்களுக்குப் பார்ட்டி அதிகபட்சம் 45 நாளுக்குள்ள காசு தரணும்னு 2006-ம் வருஷச் சட்டம் சொல்லுது. தாமதமானா வட்டியும் உண்டு.

அந்தப் பட்டறைக்கு இப்பவும் டிராயிங் போடறேன். போன வாரம் பில் நம்பர் 7 போச்சு. அண்ணன் போன் பண்ணி, "ஏழாம் நம்பருக்குக் காசு போட்டாச்சு தம்பி"ன்னார். காசு கேக்கவே கூச்சப்பட்ட எனக்கு, இப்ப 'அந்த ஏழாம் நம்பர் என்னாச்சுண்ணே?'ன்னு கேக்கற தைரியமும் வந்திருக்கு.

சரி, உங்க கடைசி பில் நம்பர் என்ன? யோசிச்சீங்கன்னா... இன்னிக்கு ராத்திரியே ஷீட்டைத் திறங்க!