ஊரெல்லாம் கொண்டாடிய கதை

ஈச்சிலம்பற்றிலிருந்து உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது. கேள்வியிலோ சற்றுக் கோபம் தெரிகிறது. "ஹரி பொட்டர் கதைகளை இரண்டு முறை படித்தேன், பொன்னியின் செல்வனை மூன்று முறை படித்தேன். மாயக் கதைகள் எழுதிப் புகழ்பெற்ற அம்மையார் ஒருவரே ஹரி பொட்டரைப் பொருட்படுத்தவில்லையாம், நம் க. நா. சுப்ரமண்யமும் கல்கியைப் பொருட்படுத்தவில்லையாம். அப்படியானால் நாங்கள் கண்விழித்துப் படித்ததெல்லாம் வீண்தானா, ஐயா?"

நம் சொந்த ஊர்ப் பிள்ளை கேட்கிறாள். மழுப்பி விடை கூற மனம் ஒப்பவில்லை.

அந்த அம்மையார் உர்சுலா லெ குவின். அமெரிக்கர், 1929 இல் பிறந்து 2018 இல் மறைந்தவர். 1968 இல் வெளிவந்த அவருடைய 'எர்த்சீ' நாவல், கடலும் தீவுகளுமேயான ஓர் உலகில் நிகழ்கிறது. ஆடு மேய்த்துத் திரிந்த சிறுவன் ஒருவன் மந்திரம் கற்பதற்காக ஒரு தீவிலுள்ள பள்ளிக்குச் செல்கிறான். வெள்ளை நிறத்தவன் அல்லன், செம்பழுப்பு நிறத்தவன். ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தவனே அதனை ஆளலாம் என்பது அவ்வுலகத்து மந்திரத்தின் அடிப்படை. செருக்கினால் அவன் கட்டவிழ்த்துவிட்ட நிழலொன்று அவனையே துரத்துகிறது. ஓடி ஓடிக் களைத்தவன் ஒருநாள் திரும்பி நின்று, சிறு படகிலேறி அதனைத் தேடிப் புறப்படுகிறான். கொட்டியாரக் குடாவின் காற்றில் வளர்ந்தவர்களுக்கு இக்கதை அந்நியமாகத் தோன்றாது.

இதற்கு 29 ஆண்டுகள் கழித்து, 1997 இல், ஹரி பொட்டரின் முதற் புத்தகம் வந்தது. அதிலும் ஒரு சிறுவன். அதிலும் ஒரு மந்திரப் பள்ளி. 2007 இல் ஏழாம் புத்தகம் வெளிவருவதற்குள் உலகமே அச்சிறுவன் பின்னால் ஓடியது. நள்ளிரவில் புத்தகக் கடை வாசலில் பிள்ளைகள் வரிசையில் நின்ற அதிசயத்தையும் நாம் பத்திரிகைகளிற் கண்டோம். 2004 இல் லெ குவினிடம் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டார்கள். இதைப் பற்றித் தமக்குப் பெரிய அபிப்பிராயம் ஒன்றுமில்லை என்றார் அவர். துடிப்பான சிறுவர் கதைதான். ஆயினும் கற்பனையில் புதுமை இல்லை, நடை சாதாரணம், அறநோக்கிலும் சற்று இரக்கம் குறைவு என்பது அவர் கருத்து. அவ்வளவுதான். அந்த ஆரவார காலத்திலேயே, எழுபது வயதைக் கடந்த அந்த அம்மையார், 2004, 2006, 2007 ஆகிய ஆண்டுகளில் இளைஞர்களுக்கென்று மூன்று நாவல்களை வெளியிட்டுத் தம் காரியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர் ஏன் இப்படிக் கொண்டாடுகிறது என்று அறிவதற்காக அவர் முதற் புத்தகத்தைப் படித்தார். படித்த பிறகே அசட்டையாக இருந்தார்.

இனி நம்மவர்களுக்கு வருவோம். 1950 முதல் 1954 வரை கல்கி பத்திரிகையில் பொன்னியின் செல்வன் தொடராக வந்தது. திருகோணமலைப் பகுதியாருக்கு அக்கதை வெறும் கற்பனை அன்று. பெரியகுளத்து வெல்கம் விகாரைக்கு 'இராசராசப் பெரும்பள்ளி' என்ற பெயரும் உண்டு. அங்கே தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. கதையில் இலங்கைக் காட்டில் சுற்றித் திரியும் அருள்மொழிவர்மன்தான் அந்த இராசராசன். பூங்குழலி படகு வலித்துக்கொண்டு வரும் கடலும் நம் தீவைச் சூழ்ந்த கடலே.

க. நா. சு. 1912 முதல் 1988 வரை வாழ்ந்தவர். பெருவாரியான வாசகர் விரும்புவதை இலக்கியத்தின் அளவுகோலாக ஏற்க மறுத்தவர். கல்கியின் பாத்திரங்கள் குதிரையேறிச் சென்ற அதே காவேரிக் கரையில், சாத்தனூர்ச் சோமு முதலி என்னும் ஏழைப் பிள்ளையை வைத்து, 1946 இல் 'பொய்த்தேவு' எழுதினார். கோயில் மணியோசையில் மயங்கிய சிறுவன், பணத்தைத் தேடி, பெற்று, யாவும் துறந்து ஆண்டியாகும் கதை அது. நட் ஹாம்சனையும் செல்மா லாகர்லெவையும் தமிழில் பெயர்த்தவரும் அவரே. இத்தனையும் செய்தவருக்கு, கல்கியின் பக்கம் திரும்பிப் பாராமல் இருக்க உரிமை உண்டு. அவர் தீர்ப்பு முற்றிலும் சரியென்று நாம் சொல்லவில்லை. கதையை வாரம் தவறாது சுவை குன்றாமல் நான்கு ஆண்டுகள் நடத்திச் செல்வது எளிய வித்தையா? எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இங்கே நம் பிழை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நம் தாயாரிடம் பழைய கல்கி இதழ்களிலிருந்து பிரித்தெடுத்து, தடித்த அட்டையிட்டுக் கட்டிய பொன்னியின் செல்வன் இருந்தது. இரவில் அரிக்கன் விளக்கடியில் உரக்கப் படிப்பார். அயல்வீட்டுப் பெண்களும் திண்ணையில் வந்து அமர்வர். இருபது வயதில், க. நா. சு. வின் கட்டுரைகள் இரண்டை மட்டும் படித்துவிட்டு, "இதெல்லாம் ஓர் இலக்கியமா, அம்மா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டோம். அவர் ஒன்றும் பேசவில்லை. புத்தகத்தை மூடித் தகரப் பெட்டிக்குள் வைத்தார். அதன்பின் நாம் வீட்டிலிருக்கும் வேளையில் அவர் உரக்கப் படித்ததில்லை. 2006 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது வீட்டோடு அந்தப் பெட்டியும் போயிற்று. தாயாரும் இப்போது இல்லை.

அப்பொழுது நாம் பொய்த்தேவைக் கண்ணாலும் கண்டதில்லை என்பதுதான் வெட்கத்துக்குரியது. க. நா. சு. வின் அசட்டை அவருடைய உழைப்பில் விளைந்தது. நம்முடையதோ இரவல் சட்டை. வகுப்பில் உனக்குச் சொன்னவர் எதை எதைப் படித்துவிட்டுச் சொன்னார் என்பது நமக்குத் தெரியாது, மகளே. மரியாதையாகக் கேட்டுப் பார்.

நீ கண்விழித்தது வீண் அன்று. பொய்த்தேவின் பிரதியொன்றை இவ்வாரமே உன் முகவரிக்குத் தபாலில் அனுப்புகிறோம். மெல்லப் படிக்க வேண்டிய புத்தகம் அது. படித்தபின், பூங்குழலியே மேல் என்று உனக்குத் தோன்றினால் அதையும் காரணத்தோடு எழுது. இதே இடத்தில் அச்சிடுவோம்.