ஒளி தள்ளும்!

செம்பட்டி வெயில் சுடும், தள்ளுமா? தள்ளும், மாணவர்களே! ஒளிக்கு நிறை இல்லை, உந்தம் உண்டு. பூமிக்கு அருகே, விண்வெளியில், 1 சதுர மீட்டர் கண்ணாடியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியின் விசை 1 மில்லிகிராமின் எடைகூட இராது.

அற்பம் என்று ஒதுக்காதீர்கள். நம் இன்சாட்-1ஏ செயற்கைக்கோளுக்கு ஒரு பக்கம்தான் சூரிய மின்தகடு. ஒளி அதைத் தள்ளிக் கோளைத் திருப்பிவிடாதிருக்க, மறுபக்கம் ஒரு பாய் வைத்தார்கள். 1982 ஏப்ரலில் ஏவியபின் அந்தப் பாய் விரியவில்லை. வேறு கோளாறுகளும் சேர்ந்தன. நிலைப்படுத்தும் எரிபொருள் தீர்ந்து, செப்டம்பரில் கோள் கைவிடப்பட்டது.

காற்றுத்தடை இல்லாத வெளியில் சிறு தள்ளலும் நாள்தோறும் சேர்ந்து வேகமாகும். 2010இல் ஜப்பானின் இகாரோஸ் பாய்க்கலம் இதை மெய்ப்பித்தது. எரிபொருள் தீரும், வெயில் தீராது. ஒளியைச் சமாளித்த நாம், அதில் பயணம் செய்யவும் முனைய வேண்டும்.