பருத்தித்துறையில் பிறந்தவரின் தேற்றம்

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்களினூடே பாடசாலைக்குச் செல்லும் பிள்ளைகளுக்குப் பைதகரஸின் நாமம் நன்கு பரிச்சயமாயிருக்க, 1918இல் பருத்தித்துறையில் பிறந்து கேம்பிரிட்ஜில் பௌதிகவியலாளர் டிராக்கிடம் பயின்ற சி. ஜே. எலியேசரின் நாமத்தை அவர்கள் அபூர்வமாகவே கேட்பது, என் அபிப்பிராயத்தில், நமது அசிரத்தையின் பலனேயாகும்.

அவர் 1943இல் நிறுவியது யாதெனில், புரோத்தனை நோக்கி நேர்கோட்டில் விரையும் இலத்திரன், தன் கதிர்வீச்சின் எதிர்விளைவையும் கணக்கிற்கொண்ட டிராக்கின் சமன்பாட்டின்படி, ஒருபோதும் அதனைச் சென்றடையாது, இடையில் நின்று, திரும்பி, மேன்மேலும் வேகங்கொண்டு அப்பால் ஓடிவிடும் என்பதே. ஆகர்ஷிக்கும் விசை ஒருபுறம் இழுக்க, இழுபடும் பொருள் மறுபுறம் ஓடுவதாவது! இயற்கை அவ்வாறு நடவாது. ஆகவே பழுது சமன்பாட்டில்தான் இருத்தல் வேண்டும் என்னும் சந்தேகத்தை வலுப்படுத்தியதிலேயே இத்தேற்றத்தின் மகிமை உள்ளது. குருவின் சித்தாந்தத்தைச் சீடன் இவ்வளவு விநயத்தோடு சோதித்த சந்தர்ப்பங்கள் சிலவே.

இலங்கை, மலாயா, லா ட்ரோப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராய் விளங்கிய அவருக்கு, கந்தளாயில் உயர்தர வகுப்பு ஆசிரியர்கள் ஒரு பாடவேளையை ஒதுக்குவதால் பரீட்சைக்கு நட்டம் ஒன்றும் நேர்ந்துவிடாது.